நெல்லளவு இடைவெளி

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கண்டு வாசகர் சிலர் முறுவலித்தல் கூடும். வாகனம் வந்து நிற்பதற்காகப் படலையிலிருந்து வீட்டு வாயில்வரை பதிக்கப்படும் சீமெந்துக் கற்களுக்கு இடையே, ஒரு நெல்லின் அகலத்துக்கு இடைவெளி விடப்படுகின்றது. அவ்விடைவெளியை எதனால் நிரப்புவது, நிரப்பியதை எவ்வாறு நிலைநிறுத்துவது என்பதே நம் பொருள். மேசனுக்குரிய காரியத்தில் ஆசிரியருக்கு என்ன அலுவல் என்று கேட்போர்க்கு எம் மறுமொழி இது: அவ்விடைவெளியை அற்பமென்று எண்ணிய பிழைக்காக நாம் பொருள் இழந்தோம். அதனினும் கொடிது, குற்றமற்ற அயலார் ஒருவர் எம்மால் ஒரு மாரி முழுவதும் துன்புற்றார். ஆதலின் இதனை எழுதும் கடமை எமக்கு உண்டு.

நம் முன்னோரின் முற்றம் மண்முற்றம். விடியற்காலையிற் கூட்டிச் சாணநீர் தெளிப்பார்கள். மங்கல நாள்களில் வெண்மணல் பரப்புவார்கள். நல்லூர்க் கந்தன் திருவிழாக் காலத்தில் வெளிவீதியில் மணல் பரப்பப்படுவதையும், அதில் அடியார் அங்கப் பிரதட்சணம் செய்வதையும் இன்றும் காண்கின்றோம். அத்தகைய முற்றத்தில் விழுந்த மழை எங்கே போயிற்று என்று எவரும் கேட்டதில்லை. விழுந்த இடத்திலேயே அது மறைந்தது.

காலம் மாறிற்று. 2009ஆம் ஆண்டின் பின்னர் குடாநாட்டிலே புதிய வீடுகள் எழுந்தன. பழைய வீடுகள் திருத்தம் பெற்றன. வாசலில் வாகனம் நிற்கலாயிற்று. மாரியிற் சேறும் கோடையிற் புழுதியும் வேண்டாமென்று, 'இன்ரர்லொக் கல்' என்று வழங்கும் சீமெந்துக் கற்களைப் பதிக்கும் வழக்கம் ஊரெங்கும் பரவிற்று. அதனை நாம் குறை கூறவில்லை. முதியோர் வழுக்காமல் நடக்கவும், நோயாளியை ஏற்றிய வண்டி வாயில்வரை வரவும் அது உதவுகின்றது. நம் வீட்டிலும் அதனையே செய்வித்தோம்.

ஏறத்தாழ 100 சதுர மீற்றர் பரப்பிலே கற்கள் பதிக்கப்பட்டன. வேலைக்கு வந்த மேசன் ஐம்பது வயதைக் கடந்தவர், அதிகம் பேசாதவர். கற்களை ஒழுங்காக அடுக்கி முடித்தபின், அரித்து உலர்த்திய மணலை ஒரு மூலையிற் குவித்து வைத்தார்.

"இது எதற்கு, அண்ணை?" என்றோம்.

"நீக்கலுக்குப் போட, மாஸ்ரர்" என்றார்.

மணல் மழையிற் கழுவுண்டு போகாதோ, புல் முளையாதோ, எறும்பு மண்ணைக் கிளறாதோ என்று நாம் அடுக்கிக் கேட்டோம். சீமெந்துக் கலவையை ஊற்றி அடைத்துவிடுங்கள் என்று முடிவையும் நாமே கூறினோம். அவர் சற்றுத் தயங்கினார்.

"மாஸ்ரர், உது ஆடுற கல். சீமெந்து ஆடாது. இரண்டும் ஒத்துவராது."

பட்டம் பெற்ற எமக்கு அவ்வாக்கியத்தின் பொருள் அன்று விளங்கவில்லை. நம் தலைமுறைக்குச் சீமெந்தின்மீது ஒரு பக்தி உண்டு. காங்கேசன்துறையிலே 1950ஆம் ஆண்டு தொடங்கி 1990ஆம் ஆண்டுவரை சீமெந்து செய்த ஆலையின் பெருமையைக் கேட்டு வளர்ந்தவர் நாம். எதனையும் உறுதியாக்கச் சீமெந்தே மருந்து என்று நம்பினோம். கூலி கொடுப்பவர் சொல் வென்றது. நெல்லளவு இடைவெளிகள் யாவும் அடைக்கப்பட்டன.

இரண்டு திங்கள்வரை முற்றம் கண்ணாடிபோல் விளங்கிற்று. ஐப்பசியில் மழை பிறந்தது. முற்றத்தில் விழுந்த நீர் ஒரு துளியும் தங்காது படலையைக் கடந்து ஒழுங்கையில் ஓடுவதைக் கண்டு, 'எத்துணைச் சிறந்த வடிகால்!' என்று மகிழ்ந்தோம். அந்நீர் எங்கே போய்ச் சேர்கின்றது என்று சிந்தித்தோமில்லை.

எமது ஒழுங்கை ஒரு பக்கம் சரிந்து செல்வது. சரிவின் அடியிலே முதிய பெண்மணி ஒருவர் தனியே வாழ்கின்றார். ஒழுங்கைக்காரர் அனைவர்க்கும் அவர் ஆச்சி. கார்த்திகையில் மழை விடாது பெய்த ஒரு நாள், குடையுடன் வந்து எம் படலையடியில் நின்றார்.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. முந்தி இப்பிடித் தண்ணி வாறேல்லை. இப்ப அடுப்படி வரைக்கும் வந்திட்டுது. விறகெல்லாம் நனைஞ்சு போச்சு."

அவர் குரலிலே சினம் இல்லை. அதுவே எம்மைச் சுட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு அவருடன் சென்று பார்த்தோம். எம் முற்றத்து மழை அவருடைய அடுப்பங்கரையில் கணுக்கால் அளவு நின்றது. சுற்றுப்புறத்தில் வேறு முற்றங்களும் கல் பதிக்கப்பட்டவையே. எனினும் அவர் வளவுக்கு நேர் மேலே இருந்தது எம்முடையது.

தை பிறந்து வெயில் ஏறியபோது இரண்டாவது தண்டனை வந்தது. வண்டிச் சக்கரம் செல்லும் தடத்தில், அடைத்த சீமெந்து மயிரிழைபோல் வெடித்திருந்தது. சில கற்கள் மிதித்தால் ஆடின. சில இடங்களில் அடியிலிருந்து மணற்குழம்பு மேலே கசிந்து காய்ந்திருந்தது. அந்த மேசனையே மீண்டும் அழைத்தோம். 'அன்றே சொன்னேன்' என்று அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. குந்தியிருந்து ஒரு கல்லைத் தட்டிப் பார்த்தார். பின்னர், அந்த ஆடுகின்ற கல்லின் இயல்பை எமக்கு விளக்கினார். அவர் தம் அனுபவத்தாற் கூறியதையும், அதன்பின் நாம் தேடிப் படித்துத் தெளிந்ததையும் வாசகர்க்கு ஒருங்கே தருகின்றோம்.

கற்களைப் பதித்து வீதி அமைத்தல் பழைய கலை. உரோமரின் அப்பியன் பெருவழி கிறித்துவுக்கு முன் 312ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. இன்றைய கொங்கிறீற்றுக் கல்லின் பெருக்கத்துக்கோ நெதர்லாந்தே பெரிதும் காரணமாயிற்று. 1658 முதல் 1795வரை நம் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தரின் தாயகம் அது. அந்நாட்டு வீதிகள் நெடுங்காலமாகச் செங்கல் பதித்தவை. இரண்டாம் உலகப் போரில், 1940ஆம் ஆண்டு மே மாதத்திலே, ரொட்டர்டாம் நகரின் நடுப்பகுதி குண்டுவீச்சால் அழிந்தது. போர் முடிந்தபின் வீடு கட்டவே செங்கல் போதவில்லை. ஆதலின் வீதிக்குச் செங்கல்லின் இடத்திலே கொங்கிறீற்றுக் கல்லை இடலாயினர். அங்கிருந்து அம்முறை ஜேர்மனிக்கும் பிற நாடுகளுக்கும் பரவிற்று. ஒல்லாந்தின் நிலம் இளகியது, நீர் மிகுந்தது. நிலம் சற்று இறங்கினாலும் உடையாது தானும் உடன் இறங்கும் வீதியே அவர்களுக்கு வேண்டியிருந்தது. கல்லை மணலிலே பதித்து, நீக்கலையும் மணலாலேயே நிரப்புவதன் நோக்கம் இதுவே.

ஒரு கல்லின்மீது சக்கரம் ஏறுகின்றது. அக்கல் தனித்து நின்றால் கீழே அமிழும், அல்லது ஒரு பக்கம் சாயும், அல்லது வண்டி நிறுத்தும் வேகத்திற் பக்கவாட்டில் நகரும். இம்மூன்று அசைவுகளையும் தடுப்பது நீக்கலிலுள்ள மணலே. இறுக நிறைந்த மணலின் பருக்கைகள் இரு கற்களின் பக்கங்களையும் உராய்ந்து பற்றுகின்றன. ஒரு கல் பெற்ற பாரத்தை அடுத்த கல்லும், அதற்கடுத்த கல்லும் பகிர்ந்துகொள்கின்றன. 'இன்ரர்லொக்' என்ற பெயருக்குக் கல்லின் வளைந்த வடிவமே காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். வடிவம் ஓரளவு உதவும். உண்மையான பிணைப்போ மணலினால் வருவது. மணல் பாதிக்குமேல் வெளியேறிய முற்றத்தில் எவ்வளவு விலையுயர்ந்த கல்லும் ஆடத்தான் செய்யும்.

மாணவர்கள் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். 200 மில்லிமீற்றர் நீளமும் 100 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட கற்களை அடுக்கினால், ஒரு சதுர மீற்றருக்கு 50 கற்கள் வேண்டும். அவற்றிடையே உள்ள நீக்கல்களின் நீளம் ஏறத்தாழ 15 மீற்றர். அங்ஙனமாயின் 100 சதுர மீற்றர் முற்றத்தில் நீக்கலின் நீளம் ஒன்றரைக் கிலோமீற்றர்! அகலம் 3 மில்லிமீற்றர், ஆழம் 60 மில்லிமீற்றர் என்று கொண்டால், அத்தனை நீளத்தையும் நிரப்ப வேண்டிய மணல் ஒரு கியூப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவே. முற்றம் முழுவதற்கும் ஆகும் செலவில் இது மிகச் சிறிய பங்கு. ஆயினும் முற்றம் நிற்பதும் ஆடுவதும் இச்சிறு பங்கினாலேயே முடிவாகின்றது.

சீமெந்து ஏன் ஒவ்வாது? பகல் வெயிலிற் கல் விரிகின்றது, இரவிற் சுருங்குகின்றது. சக்கரம் ஏறும்போது மணற்படுக்கை இம்மியளவு அமுங்குகின்றது. இவ்வசைவுகளுக்கு மணல் இடங்கொடுத்து மீண்டும் அமைகின்றது. சீமெந்து இடங்கொடாது வெடிக்கின்றது. வெடிப்பின் வழியே நீர் உட்புகும். வெளியேற வழியின்றிப் படுக்கையிலே தேங்கும். பாரம் ஏறியதும் மணலைக் குழம்பாக்கி மேலே தள்ளும். கல்லின் முகத்திற் படிந்த சீமெந்துக் கறை எளிதில் நீங்குவதுமில்லை. நிலத்தடியில் நீர்க்குழாய் பழுதுற்றால், மணல் நீக்கலாயின் கற்களை எடுத்துப் பழுது நீக்கி அவற்றையே மீளப் பதிக்கலாம். சீமெந்து நீக்கலாயின் உடைக்கவே வேண்டும். எம் முற்றத்தைப் பிரித்தபோது பல கற்கள் உடைந்து பயனற்றுப் போயின. அடியிலே கொங்கிறீற்றுத் தளம் இட்டு அதன்மேற் சாந்தினாற் கல் ஒட்டும் முறை ஒன்று உண்டு. அங்கே நீக்கலிலும் சாந்து இடுவது முறையே. ஏனெனில் அங்கு யாவும் ஆடாதவை. படுக்கை மணலாக, நீக்கல் சீமெந்தாக இருப்பதே பிழை.

இனி, நிரப்பும் முறையைக் கூறுவோம்.

முதலாவது, ஓரக்கட்டு உறுதியாக இருத்தல் வேண்டும். முற்றத்தின் ஓரங்களிற் கொங்கிறீற்றிலே பதித்த கரைக்கல் இல்லையெனின் கற்கள் மெல்ல மெல்ல வெளிநோக்கி நகரும், நீக்கல் அகலும், இட்ட மணல் கீழிறங்கும். ஓரம் கட்டாத முற்றத்துக்கு மணல் இடுதல் அடியற்ற கடகத்தில் நெல் இடுவது போலாம்.

இரண்டாவது, மணலின் இயல்பு. படுக்கைக்கு வேண்டியது 25 முதல் 40 மில்லிமீற்றர் தடிப்பிலே பரப்பிய பருமணல். நீக்கலுக்கு வேண்டியது நுண்மணல். யன்னலுக்கு இடும் நுளம்புவலையின் கண்ணிலே நுழையுமளவு நுண்மையானது. அது கழுவியதாகவும் நன்கு உலர்ந்ததாகவும் இருத்தல் வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிக் கையை விரித்தால், கட்டியாக நில்லாது விரலிடையே ஒழுகவேண்டும். ஈரமணல் நீக்கலின் வாயை மூடி, அடியை வெறுமையாக விட்டுவிடும். செம்பாட்டு மண்ணை இடுவோரும் உளர். அது மழையிற் குழம்பாகிக் கல்லிற் கறை படியச் செய்யும். புல்லுக்கும் நல்ல விளைநிலமாகும். கடல்மணலும் ஆகாது. அதிலுள்ள உப்பு ஈரத்தை ஈர்த்துக் கல்லின்மேல் வெண்பூப் பூக்கச் செய்யும்.

மணல் வாங்குமிடத்து இன்னொன்றையும் நினைத்தல் வேண்டும். வடமராட்சி கிழக்கிலே மணற்காட்டுப் பக்கத்து மணற்குன்றுகள் கடற்காற்றையும் அலையையும் தடுத்து ஊரைக் காப்பவை. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி மணல் அகழவும் ஏற்றிச் செல்லவும் அனுமதி வேண்டும். நம் முற்றத்தை அழகாக்க இன்னோர் ஊரின் அரணைக் கரைத்தல் அறமன்று. அனுமதிப்பத்திரம் உண்டோ என்று ஒரு சொல் கேட்பதில் நமக்கு நட்டம் ஒன்றுமில்லை.

மூன்றாவது, செய்முறை. மழையற்ற நாளிலே, கல்லின் முகம் உலர்ந்திருக்கும் வேளையிலே தொடங்குக. கற்களை அடுக்கியதும் அதிர்வுப் பொறியால் ஒருமுறை அழுத்திச் சமப்படுத்துவர். பின்னர் உலர்மணலைத் தூவித் தும்புத்தடியால் நீக்கலுக்குக் குறுக்காக இருபுறமும் தள்ளவேண்டும். நிறைந்ததுபோல் தோன்றும், நம்பவேண்டா. மீண்டும் அதிர்வுப் பொறியை ஓட்டினால் மணல் அடிவரை இறங்கி மேலே வெறுமை தோன்றும். மீண்டும் தூவுக; மீண்டும் அதிர்விக்குக. மணல் மேலும் இறங்காத நிலை வரும்வரை இதனைச் செய்தல் வேண்டும். இறுதியில் மணல் கல்லின் முகத்துக்குச் சற்றுக் கீழே நிற்பது நன்று. மிகுதியைக் கூட்டி அள்ளிவிடுக. சில கிழமைகள் கழித்து ஒருமுறை, முதல் மாரி கழிந்தபின் ஒருமுறை பார்த்துக் குறைந்த இடங்களை நிரப்புக. புதிய முற்றத்திலே மணல் முதற் சில திங்கள்கள் குறைவது இயல்பு. நாளடைவில் நுண்தூசு படிந்து அது தானாகவே இறுகும்.

இறுகாது தொடர்ந்து வெளியேறுமாயின் காரணத்தைத் தேடல் வேண்டும். கூரைநீர் ஒரே கோட்டில் விழுந்து தோண்டுகின்றதா? பீலி அமைத்தால் தீரும். அமுக்க நீர்த்தாரையால் முற்றத்தையும் வண்டியையும் கழுவுகின்றோமா? தாரையை நீக்கலின்மேல் நேரே பாய்ச்சாது சரித்துப் பிடித்தல் வேண்டும். கழுவி உலர்ந்தபின் மணல் இடல் வேண்டும். எறும்பு கிளறுகின்றதா? கிளறிய மணலைக் கூட்டி எறியாது மீண்டும் நீக்கலிலே தள்ளலாம். புல்லைப் பற்றியும் ஒரு சொல். அதன் விதை பெரும்பாலும் கீழிருந்து வருவதன்று. காற்றிலே வந்து நீக்கலில் விழுவது. ஆதலின் கூட்டிப் பேணும் முற்றத்திற் புல் குறைவு. கோரை மட்டும் நிலத்தடிக் கிழங்கிலிருந்து எழும். அதனைக் கல் பதிக்குமுன்பே அகழ்ந்து எடுத்துவிடல் வேண்டும்.

இவற்றுக்கும் அடங்காத சரிவான இடங்களுக்கு இக்காலத்தில் இருவகை உறுதிப் பொருள்கள் உள்ளன. ஒன்று, பசைப்பொருள் கலந்த மணல். உலர்ந்த நிலையில் நிரப்பி, கல்லின் முகத்திலே தூசு சிறிதும் இல்லாது துடைத்து, பின் நீர் தெளித்தால் இறுகும். துடைக்காது நீர் தெளித்தால் வெண்படலம் படியும். மற்றையது, நிரப்பிய மணலின்மீது ஊற்றும் திரவம். அது மேற்பகுதி மணலைப் பிணைக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். இரண்டும் சீமெந்தைப்போல் கல்லாகாது ஓரளவு நெகிழ்வன. எனினும் இரண்டும் நீரின் வழியைக் குறைப்பன. ஆதலின் வேண்டிய இடத்துக்கு மட்டும் இடுவதே தகும்.

நீரின் வழி என்றோம். நம் நிலத்தின் தனி வழக்கு இங்கேதான் தொடங்குகின்றது. மேலே பதித்த கல்லைப்பற்றி இதுவரை பேசினோம். அதன் கீழே கிடக்கும் கல்லையும் அறிதல் வேண்டும்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. நம் குடிநீரும் தோட்டநீரும் மிகப் பெரும்பாலும் கிணற்றுநீரே. மயோசீன் காலத்திற் கடலடியிலே படிந்து உருவான சுண்ணக்கல் நம் காலடியிற் கிடக்கின்றது. அதன் வெடிப்புகளிலும் துளைகளிலும் மழைநீர் இறங்கி நிற்கின்றது. மூன்று பக்கமும் கடலும் களப்பும் சூழ்ந்த நிலமாதலின், இந்த நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் யாவரும் அறிந்தது.

இந்நிலையைக் கணக்கிட்டுக் கூறியவர்களுள் ஒருவரும் ஒல்லாந்தரே. பாடொன் கைபன் என்ற அப்பொறியியலாளர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஹேர்ஸ்பேர்க் என்ற ஜேர்மானியர் 1901ஆம் ஆண்டிலும் ஒரே முடிவை எழுதினர். கடல்நீர் நன்னீரிலும் நாற்பதில் ஒரு பங்கு கனமானது. ஆகவே நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். மேலே 1 அடி குறைந்தால், காலப்போக்கிற் கீழிருந்து உவர் 40 அடி எழலாம். வெடிப்பு மிகுந்த நம் சுண்ணக்கல்லில் இக்கணக்குச் சற்று மாறுபடும்; உண்மை மாறுபடாது. மேலே ஊற்றுவது மழை, எடுப்பது நாம். ஊற்றுவதைத் தடுத்து, எடுப்பதை மட்டும் வளர்த்தால் உவர் எழாது என் செய்யும்?

குடாநாட்டின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர். அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிவரை பெய்துவிடும். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர் நீராகும். எனவே எமது 100 சதுர மீற்றர் முற்றத்தில் ஓர் ஆண்டில் விழும் நீர் 1,20,000 லீற்றர். கூரைகளில் வைக்கும் 1,000 லீற்றர் தாங்கிகளில் 120 தாங்கி. மண்முற்றமாக இருந்த காலத்திலும் இது முழுவதும் கிணற்றைச் சேர்ந்ததில்லை. ஒரு பகுதி ஆவியாயிற்று. ஆயினும் எஞ்சியது நிலத்துக்குப் போயிற்று. நாமோ அதனை அடைத்து ஒழுங்கையில் ஓடவிட்டோம். ஓர் ஆச்சியின் அடுப்பை அணைத்தோம்.

இங்கே உண்மையை மறைத்தல் கூடாது. மணல் நிரப்பிய நீக்கல் எல்லா மழையையும் உறிஞ்சிவிடாது. நீக்கலின் பரப்பு முற்றத்திலே நூற்றுக்கு நாலரைப் பங்கே. தூசு படியப் படிய அதுவும் மெல்ல அடைபடும். ஆகையால் மணல் இட்டதோடு கடமை முடிந்ததென்று இருத்தலாகாது. நீரை நிலத்தினுள்ளே செலுத்த விரும்புவோர்க்கு வேறொரு முறை உண்டு. நீக்கலை அகலமாக விட்டு, மணலுக்குப் பதிலாகக் கழுவிய சிறு சல்லியை நிரப்பி, அடியிலும் தூளற்ற சல்லியையே பரப்புவது. அதன் வழியே நீர் தடையின்றி இறங்கும். அம்முறைக்கு ஆகும் செலவு மிகுதியெனின், முற்றத்தின் சரிவையாவது ஒழுங்கையை நோக்காது வளவை நோக்கி அமைக்கலாம்.

பிற நாட்டார் இதனை விதியாகவே ஆக்கியுள்ளனர். இங்கிலாந்தில் 2008ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாக, வீட்டு முன்றிலிலே 5 சதுர மீற்றருக்கு மேற்பட்ட இடத்தை நீர் புகாத பொருளால் மூடி, நீரைத் தோட்டமண்ணுக்கும் விடாதிருக்க வேண்டுமாயின் அனுமதி பெறல் வேண்டும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலே கட்டடங்கள்தோறும் மழைநீர் சேகரிப்பு அமைப்புக் கட்டாயமாக்கப்பட்டது. ஆறுகள் ஓடும் நாடுகளே இவ்வாறு செய்யுமாயின், ஆறற்ற நாம் என்ன செய்தல் வேண்டும்?

எம் முற்றத்தை மீளப் பதித்தபோது, 60 அடிக்கு 1 அடி என்ற அளவில் வேலிப்பக்கமாகச் சரிவு விட்டோம். வேலியோரம் இரண்டடி அகலத்துக்குக் கல் பதியாது விட்டு, சல்லி நிரப்பிய ஓர் அகழியும், அதன் கரையிலே செவ்வரத்தையும் நட்டோம். ஓர் எச்சரிக்கை: நீரை இறக்கும் குழி கிணற்றுக்கும் மலக்குழிக்கும் தொலைவில் இருத்தல் வேண்டும். வண்டி எண்ணெய் ஒழுகும் இடத்து நீரை அதிற் சேர்க்கலாகாது. சுன்னாகப் பகுதிக் கிணற்றுநீரில் எண்ணெய் கலந்த செய்தியால் 2015ஆம் ஆண்டளவில் நாம் பட்ட கலக்கத்தை எவரும் மறந்திரார். சுண்ணக்கல் நன்மையையும் தீமையையும் ஒரே விரைவில் உள்வாங்கும்.

மணலை இம்முறை மேசன் சொற்படியே இட்டோம். எம் மாணவர் இருவர் வந்து தும்புத்தடி பிடித்தனர். மூன்றுமுறை நிரப்பி, மூன்றுமுறை அதிர்வித்து முடிந்ததும், மேசன் ஒரு கல்லின்மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தார்.

"இப்ப ஒன்றையொன்று பிடிச்சிட்டுது, மாஸ்ரர்" என்றார்.

அடைத்தல் வேறு, நிரப்புதல் வேறு என்பதை அன்று உணர்ந்தோம். அடைப்பது, இரண்டுக்கும் இடையே உள்ளதை இல்லையென்று ஆக்க முயல்வது. நிரப்புவது, இடைவெளியை ஒப்புக்கொண்டு, அதன் வழியே ஒன்றின் பாரத்தை மற்றொன்று தாங்கச் செய்வது. கற்களுக்கு மட்டுமன்றி, ஓர் ஒழுங்கையில் மேட்டிலும் பள்ளத்திலும் வாழும் அயலவர்க்கும் இது பொருந்தும் என்றே நாம் எண்ணுகின்றோம்.

அடுத்த கார்த்திகையில் மழை ஓய்ந்த ஒரு மாலை, ஆச்சி எம் படலையடியால் வந்தார். நின்று முற்றத்தைப் பார்த்தார்.

"இந்த முறை தண்ணி வரேல்லைத் தம்பி. அடுப்படி காய்ஞ்சு கிடக்குது" என்றார்.

எமக்குக் கிடைத்த பட்டங்களுள் அதனைச் சிறியதென்று நாம் கருதவில்லை.

வாசகர்க்கு எம் வேண்டுகோள் ஒன்றே. மாரிக்கு முன்னர், ஆவணி புரட்டாசியிலே ஒரு விடுமுறை நாளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கடகம் உலர்மணலும் ஒரு தும்புத்தடியும் எடுத்து, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு முற்றத்துக்கு வாருங்கள். குறைந்த நீக்கல்களை நிரப்புங்கள். அதன்பின் ஒரு குடம் நீரை முற்றத்தில் ஊற்றி, அது எப்பக்கம் ஓடுகின்றது, யாருடைய வளவிற் போய் நிற்கின்றது என்று அப்பிள்ளைகளைப் பார்த்துவரச் சொல்லுங்கள்.